பதுளைக் கண்காட்சிக்கு வந்த இரண்டு மேசை விரிப்புகள்

1

தூத்துக்குடியில் கப்பலேறிப் பதினொரு வருஷம் முடிந்த தினத்தை முட்டைக்கோசுகளுக்கும் மேசை விரிப்புகளுக்கும் நடுவே கழித்தேன். பதுளையில் அன்று ஷோ. துரைமார் கூடி வருஷத்துக்கு ஒரு முறை நடத்தும் கண்காட்சிக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது.

திருச்சியிலிருந்து அண்ணன் எழுதும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் இருக்கும். பதுளை கொழும்புக்குப் பக்கமா? அங்கே பொழுது எப்படிப் போகிறது? முதலாவதற்குப் பதில்: பக்கம்தான். ஒரு பகல் முழுவதும் ரயிலில் உட்கார்ந்திருந்தால் பண்டாரவளை வரும். அங்கே ரயில் களைத்துப்போய் நின்றுவிடும். மீதி மலையை வண்டியில் கடக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதிலாக இந்தக் குறிப்பை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ஊரில் ஒரு பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் ஆறு வருஷம் பிழை திருத்தினேன். இங்கே கடைத்தெருவில் ஒரு ராவுத்தரின் ஜவுளிக்கடையில் கொழும்புக் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறேன். இங்கிலீஷ் தெரிந்த ஆள் இருக்கிறான் என்ற செய்தி பசறை வரைக்கும், அதைத் தாண்டி நமுனுகுல மலை வரைக்கும் போயிருக்கிறது. தோட்டத்து ஜனங்கள் தங்களுக்கு வந்த காகிதத்தையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் வந்து நிற்பார்கள். ராவுத்தர் இதைத் தடுப்பதில்லை. காகிதம் படிக்க வந்தவர் போகும்போது ஒரு முழத் துணியாவது வாங்குவார் என்பது அவர் கணிப்பு. பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

வீட்டில் மனைவி சிவகாமி, மகள் ராஜம். ராஜத்துக்கு ஒன்பது வயது. இங்கேயே பிறந்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மழை வந்தால் சிங்களத்தில் சொல்லுகிறாள். கணக்கை இங்கிலீஷில் போடுகிறாள். அழுவதற்கு மட்டும் இன்னும் தமிழை வைத்திருக்கிறாள். போன மாதம் அண்ணன் கடிதத்தை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அப்பா, திருச்சிராப்பள்ளி எந்தத் தொரையோட தோட்டம்?"

சிவகாமி என்னைப் பார்த்தாள். நான் கடிதத்தைப் பார்த்தேன்.

2

ஷோவுக்கு இரண்டு மாதம் முன்பே ஓர் அட்டவணையை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிழை திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பிழையே இல்லாத அட்டவணை. மாடு, கோழி, காய்கறி, தேயிலை, கைவேலை என்று பிரிவுகள். மாடுகளுக்கு இரண்டே வகுப்பு: பால் கொடுப்பவை, கொடுக்காதவை. கைவேலைக்கு அப்படி அல்ல. ஐரோப்பியச் சீமாட்டிகள், கலப்பு வம்சத்துப் பறங்கிச் சீமாட்டிகள், சுதேசிச் சீமாட்டிகள், பள்ளிச் சிறுமிகள், சிறைக் கைதிகள், கடைசியில் எவரும் சேரலாம் என்ற பொது வகுப்பு. ஒரு தலையணை உறை எந்த வகுப்பில் போகும் என்பதை அதைத் தைத்தவருடைய தாத்தாவின் ஊரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். சிறைக் கைதிகளுக்கு மட்டும் இந்த விசாரணை இல்லை. எல்லா ஜாதியும் ஒரே பாயைப் பின்னுகிறது, வருஷாவருஷம் பரிசும் வாங்குகிறது.

எங்கள் ஊரில் மார்கழி மாதம் முப்பது நாளும் வாசலில் கோலம் போடுகிறார்கள். அதற்குப் பரிசு கிடையாது. ஆனால் நடுவர்கள் உண்டு. தண்ணீர் எடுக்கப் போகும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு நடுவர். புள்ளி தவறிய வீட்டின் பெயர் பொழுது விடிவதற்குள் தெருக்கோடிவரை போய்விடும். இங்கே நடுவர்களுக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, ஒரு சீட்டில் எழுதச் சொல்கிறார்கள். மற்றபடி பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அட்டவணையில் ஒரு விதி தடித்த எழுத்தில் இருக்கும். வைக்கப்படும் பொருள் வைப்பவருடைய சொந்த முயற்சியில் உண்டானதாக இருக்க வேண்டும். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை முட்டைக்கோசுப் பந்தலில் கற்றுக்கொள்ளலாம். பரிசு வாங்கிய கோசின் மேல் ஒரு துரையின் பெயர் எழுதியிருக்கும். அந்தக் கோசுக்குக் குழி வெட்டி, எரு போட்டு, புழு பொறுக்கிய தோட்டக்காரன் துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். பரிசு அறிவிக்கும்போது துரை அடக்கமாகச் சிரிப்பார். தோட்டக்காரனும் சிரிப்பான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. துரை உண்மையாகவே தான் கோசு வளர்த்ததாக நம்புகிறார்.

3

செல்லாயி இந்த வருஷம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மடியில் காகிதம் இல்லை. காகிதம் வேண்டும் என்று வந்தவள்.

நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் ஆயா. முசிறிக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் இறந்து நாலு வருஷம். பொன்னி என்று ஏழு வயதில் ஒரு பெண். குழந்தை பார்க்கும் நேரம் போக, கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவாள். துரைசானிகள் அதைக் குரோஷா என்கிறார்கள், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் கொக்கி வேலை என்கிறார்கள். முன்பு அந்தப் பங்களாவில் இருந்த கொழும்பு ஆயா ஒருத்தி கற்றுக்கொடுத்தாளாம். கற்றுக்கொடுத்தவள் போய்விட்டாள், கைப்பழக்கம் மட்டும் இவளிடம் தங்கிவிட்டது.

அன்று மட்டும் கடை பூட்டியிருந்ததால் வீட்டுக்கே வந்துவிட்டாள். சிவகாமி அவளைப் பின்வாசல் படியில் உட்காரச் சொல்லி, தனியாக வைத்திருக்கும் தகரக் குவளையில் தேநீர் கொடுத்தாள். கப்பலில் எத்தனையோ சாமான் தொலைந்தது. இந்த வழக்கம் மட்டும் ஒரு கீறல் விழாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

"சோவுல சேரணுங்க ஐயா. பேரு எழுதித் தரணும்," என்றாள் செல்லாயி.

"உன் துரைசானி வருஷாவருஷம் சேருகிறாரே. அவர் எழுதித் தரமாட்டாரா?"

"அவங்க சேருறதும் நான் போட்டதுதாங்க."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்லுவதுபோல் சொன்னாள். இந்த வருஷம் துரைசானி பெயரில் போகப்போவது ஒரு பெரிய மேசை விரிப்பு. சீமைப் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துப் பின்னியது, ஓரம் முழுவதும் திராட்சைக் கொத்து. "அது என்ன பழம்னு தெரியாமத்தான் போட்டேன். ஈச்சம்பழம்னு நினைச்சுக்கிட்டேன். தொரசானி பாத்துட்டு, ரொம்ப நல்லாருக்குன்னாங்க." மிஞ்சிய நூலைத் துரைசானி அவளுக்கே கொடுத்துவிடுவாராம். அதில் தனக்கென்று ஒரு சின்ன விரிப்புப் பின்னியிருந்தாள். வெற்றிலை வெற்றிலையாக ஓரம் கட்டியது. துணிப் பையிலிருந்து எடுத்து என் மனைவியின் மடியில் வைத்தாள். சிவகாமி ஒரு வெற்றிலையை விரலால் தடவிப் பார்த்தாள். குறை தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கிடைக்கவில்லை.

"எதுக்கும்மா இந்த அவசரம்? அடுத்த வருஷம் சேரலாமே," என்றேன்.

"அடுத்த வருஷம் எனக்கு இந்தக் கை இருக்காதுங்க. மார்ச்சு மாசம் தொர குடும்பத்தோட சீமைக்குப் போறாரு. திரும்பி வரமாட்டாரு. புதுசா வர்ற தொர ஒத்தை ஆளு, அவருக்கு எதுக்கு ஆயா? மறுபடி கூடையைக் கட்டிக்கிட்டுப் பெரட்டுக் களத்துல நிக்கணும். நான் நின்னாலும் நிப்பேன். கங்காணி பொன்னிக்கு என்ன வயசுன்னு ரெண்டு தரம் கேட்டுட்டாரு. நான் மலைக்கு வேலைக்குப் போன அன்னிக்கே அவ பேரையும் செக்ரோல்ல ஏத்திடுவாரு."

தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக் களம், ஆள் பெயர் எழுதும் பேரேடு செக்ரோல். ஒரு பிள்ளையின் பெயர் அதில் ஏறினால் மறுநாள் காலை அது கொழுந்து கிள்ளும். பிறகு அந்தப் பெயர் இறங்கி நான் பார்த்ததில்லை.

வழி ஒன்று இருந்தது. ராஜம் படிக்கும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தையல் வேலை சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியை தேவை. தங்க அறை உண்டு, பிள்ளையையும் படிக்க வைக்கலாம். செல்லாயி போய்க் கேட்டிருக்கிறாள். பள்ளியை நடத்தும் மிஷன் அம்மா இருபது வருஷமாக இந்த மலையில் இருப்பவர், தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் பேசுவார். இவள் பின்னலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "கை நல்ல கை. ஆனால் சபைக்கு நான் காகிதம் காட்ட வேண்டும். ஷோவில் முதல் பரிசு சர்டிபிகேட் வாங்கி வா," என்று சொல்லிவிட்டார்.

"அப்புறம் தொர துண்டு எழுதித் தரணும். அதுக்குத் தொரசானி வாய் திறந்து சொல்லணும். சொல்றேன்னுதான் இருக்காங்க," என்றாள். தோட்டத்தை விட்டு ஆள் போகத் துரை எழுதித்தரும் சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் போனவரை வேறு யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள்.

ஆக அவளுக்கு இரண்டு காகிதம் தேவை. ஒன்று துரைசானியை ஜெயித்தால் கிடைப்பது. இன்னொன்று துரைசானியின் மனம் கோணாமல் இருந்தால் கிடைப்பது.

4

பெயர் பதியும் இடத்தில் கமிட்டியின் குமாஸ்தா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணியமான மனிதர், விதிகளை எழுதியவர்களைவிட விதிகளை அதிகம் மதிப்பவர்.

"உவ ஆர்?" என்றார், செல்லாயியைப் பார்க்காமல்.

"ஒரு தோட்டத்து ஆயா. குரோஷா வைக்க வேண்டுமாம்."

"ஆயாமாருக்கு வகுப்பு இல்லையே."

"சுதேசிச் சீமாட்டிகள் வகுப்பில் போடலாமே."

"இஞ்ச பாரும். சுதேசி எண்டது சரி. சீமாட்டி எண்டதுக்கு நீர் கையெழுத்து வைப்பீரோ?"

அவர் அட்டவணையைப் புரட்டினார். "கூலிமாருக்கு ஒரு வகுப்பு இருக்கு. ஆனா அது சுத்தமான லயத்துக்கு. லயம் வச்சிருக்கிறாவோ?"

"லயத்தைத் தூக்கிட்டு வர முடியாதுங்க," என்றாள் செல்லாயி.

குமாஸ்தா முதல் தடவையாக அவளைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தீர்மானித்தார். "அப்ப பொது வகுப்பிலதான் போட ஏலும். அதில தொரசானிமாரும் வைப்பினம். பிறகு என்னட்டக் குறை சொல்லக் கூடாது."

இப்படித்தான் செல்லாயி பொது வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய துரைசானியும் அதில்தான் பெயர் கொடுத்திருந்தார். ஐரோப்பியச் சீமாட்டிகள் வகுப்பில் ஜெயித்தால் சக சீமாட்டிகளை மட்டும் ஜெயித்ததாக ஆகும், பொது வகுப்பில் ஜெயித்தால் உலகத்தையே ஜெயித்ததாக ஆகும் என்பது அவர் எண்ணம். ஆக, செல்லாயியின் வலது கைக்கும் செல்லாயியின் வலது கைக்கும் போட்டி. அட்டவணையில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். "துரைசானிக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். சிரிச்சாங்க. நல்லது, நீயும் வைன்னாங்க. ரெண்டாவதா வருவேன்னு நினைக்கிறாங்க போலருக்கு."

"நீ என்ன நினைக்கிறே?"

"திராட்சை பெருசுங்க. ஆனா அது எனக்குத் தெரியாத பழம், படத்தைப் பாத்துப் போட்டது. வெத்தலை எனக்குத் தெரியும்."

5

ஷோ அன்று தமிழ்ச் சீட்டுகள் எழுதவும் தேவைப்பட்டால் மொழிபெயர்க்கவும் என்னைக் கைவேலைக் கூடாரத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். காலையில் நடுவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் மற்ற ஜனங்கள் உள்ளே வரலாம். பொருள் வைத்தவர்கள் அந்த நேரத்தில் வரக் கூடாது. துரைசானி வந்திருந்தார், நடுவர்களில் ஒருவர் அவருடைய சிநேகிதி. செல்லாயியும் வந்திருந்தாள். போட்டிக்காரியாக வர அவளுக்கு அனுமதி இல்லை. துரைசானியின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாவாக வருவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

நடுவர்கள் மூவர். கொழும்பிலிருந்து அழைத்து வந்த வயதான சீமாட்டி ஒருவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். மிஷன் அம்மா ஒருவர். மூன்றாமவர் மேற்படி சிநேகிதி, மற்ற இருவரும் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

பொது வகுப்பு மேசையில் பதினைந்து இருபது உருப்படிகள் இருந்திருக்கும். திராட்சை விரிப்பை நடுவில் பரப்பி, ஒரு மூலையில் நீல ரிப்பனில் பூ முடிந்து வைத்திருந்தார்கள். வெற்றிலை விரிப்பு ஓரத்தில் இருந்தது. கொழும்புச் சீமாட்டி அதன் முன்னால் வந்து நின்றார். குனிந்தார். பூதக்கண்ணாடி கேட்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "இதில் எங்கே தொடங்கினாள் என்றே தெரியவில்லை," என்றார். என் முதுகுக்குப் பின்னால் செல்லாயி குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவது கேட்டது. இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஆனால் பூதக்கண்ணாடி கேட்டால் நல்ல சகுனம் என்று தெரிந்திருக்கிறது.

அடுத்த நிமிஷம் சீமாட்டி நிமிர்ந்தார். விரிப்பின் ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். மிளகளவு ஒரு மஞ்சள் பொட்டு.

"கறி," என்றார்.

சிநேகிதி தலையாட்டினார். தமிழரிடமிருந்து வரும் மஞ்சள் எல்லாம் கறி என்பது இங்கே நிலைத்துப்போன அறிவு. சீட்டில் "அழுக்குப் பட்டது, தகுதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பரிசு திராட்சைக்குப் போனது.

திரும்பிப் பார்த்தேன். செல்லாயியின் பார்வை சீட்டில் இருந்தது. "என்னங்க எழுதியிருக்கு?" என்று மெல்லக் கேட்டாள். சொன்னேன்.

"அழுக்கா? அது மஞ்சளுங்க. புதுத் துணி வீட்டை விட்டுப் போகுதே, வெறுமனே எப்படிங்க அனுப்புறது?"

இந்தக் குறிப்பைப் படிப்பவர்களில் புதுச் சேலையின் முனையில் மஞ்சள் தடவாமல் உடுத்தியவர் யாரும் இருக்கமாட்டார்கள். இதை விளக்க வேண்டிய அவசியம் நமக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அந்தக் கூடாரத்தில் வந்தது. எழுந்து போய், இது கறி அல்ல, எங்கள் ஜனங்கள் புதிய துணியில் நன்மைக்காக வைக்கும் மஞ்சள் என்று மூன்று நடுவர்களுக்கும் சொன்னேன். கொழும்புச் சீமாட்டி, சுவாரஸ்யமான வழக்கம் என்றார். சீட்டை மாற்றவில்லை.

மிஷன் அம்மா அந்த மூலையை உற்றுப் பார்த்தார். இருபது வருஷம் மலையில் இருந்தவர். செல்லாயியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "நீ பின்னும் எல்லாத் துணிக்கும் இப்படி வைப்பாயா?"

"ஆமாங்கம்மா. முடிச்ச அன்னிக்கே வச்சிருவேன்."

மிஷன் அம்மா நடந்துபோய்த் திராட்சை விரிப்பின் மூலையில் இருந்த நீல ரிப்பனை அவிழ்த்தார். அதன் கீழே மிளகளவு ஒரு பொட்டு இருந்தது. மஞ்சள் அல்ல, சிவப்பு. ஆரத்தி கரைத்த வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சவுக்காரம் பட்டாலும் சிவக்கும். பங்களா வண்ணான் சவுக்காரம் போட்டு வெளுத்து, சரியாக அலசாமல் விட்டிருக்கிறான். கறை போகவில்லை, நிறம் மாறியது. துரைசானி மேலே ரிப்பன் கட்டிவிட்டார்.

மிஷன் அம்மா ஒரு சவுக்காரத் துண்டு வரவழைத்து, தண்ணீரில் தொட்டு வெற்றிலை விரிப்பின் பொட்டில் தேய்த்தார். எங்கள் கண் முன்னாலேயே அது சிவந்தது. இரண்டு மூலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருந்தன.

துரைசானியின் கழுத்து மெல்லச் சிவந்தது, அதற்குச் சவுக்காரம் தேவைப்படவில்லை.

கொழும்புச் சீமாட்டி சொந்த முயற்சி என்ற விதியைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்து, "அந்த ஆயாவிடம் கேள். இந்தப் பெரிய விரிப்பை யார் பின்னியது?" என்றார்.

மொழிபெயர்த்தேன். பிறகு இங்கிலீஷில் இல்லாததை என் பங்குக்குச் சேர்த்தேன். "பாத்துச் சொல்லும்மா."

அவள் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். தான் பின்னியதாகச் சொன்னால் துரைசானிக்கு அந்த ஜில்லாவில் முகம் இருக்காது. துண்டும் வராது. துரைசானி பின்னியதாகச் சொன்னால், துண்டு வரும், சர்டிபிகேட் இல்லை. தோளில் துரைசானியின் குழந்தை அவள் கழுத்து மணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"தொரசானிதாங்க போட்டாங்க," என்றாள். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

எல்லோரும் துரைசானியைப் பார்த்தார்கள். அவர் முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. ஆயாவிடம் பாடம் கேட்டவள் என்று ஒப்புக்கொள்வது ஒன்று. பாடமே கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. அவர் ஒரு மூச்சு விட்டார். "ஆமாம்," என்றார். "இவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். மிகப் பொறுமையான ஆசிரியை."

"என் பழக்கத்தை அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டேங்க," என்றாள் செல்லாயி, சிவந்த மூலையைக் காட்டி. அதையும் மொழிபெயர்த்தேன். கொழும்புச் சீமாட்டிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சிநேகிதி தலையாட்டினார்.

முதல் பரிசு இருந்த இடத்திலேயே இருந்தது. அழுக்கு என்ற சீட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே கறைக்கு ஒரு விரிப்பில் தகுதி போயிற்று, இன்னொரு விரிப்பில் பாராட்டு வந்தது. கமிட்டி இதில் முரண்பாடு எதையும் காணவில்லை.

மிஷன் அம்மா மட்டும் அட்டவணை ஒன்றைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தையும் ஒரு பேனாவையும் துரைசானியிடம் நீட்டினார். "இப்போது சொன்னதை எழுதிக் கொடுங்கள். என் சபைக்குக் காட்ட வேண்டும்."

துரைசானி எழுதினார். அழகான கையெழுத்து. முதல் பரிசு பெற்ற நான் இந்தக் கலையை இவளிடமே கற்றேன் என்று எழுதி, ஊரும் தேதியும் போட்டார். அதைவிட நல்ல சர்டிபிகேட்டை அந்த ஷோவில் யாரும் வாங்கவில்லை.

6

சாயங்காலம் வண்டி நிற்கும் இடத்தில் செல்லாயியைப் பார்த்தேன். துரைசானி உள்ளே பரிசுக் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா யோசிச்சே அதை?"

"யோசிக்கலீங்க. முழுப் பொய்யும் இல்லை. போன மழைக்கு ஒரு நா தொரசானி உக்காந்து மூணு வரிசை போட்டாங்க."

"அந்த மூணு வரிசை அதில் இருக்கிறதா?"

"பிரிச்சுட்டேங்க," என்றாள். "மாசக்கணக்குல போட்டது கெட்டுப்போயிடுமே, அம்புட்டுப் பெரிய விரிப்பு."

துண்டும் வந்தது. துரைசானி கெட்டவர் அல்ல. புறப்படுவதற்கு முன் அவரே துரையிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார், பாதி நூல் உருண்டைகளையும் கொடுத்தார். சீமையில் போய், ஒரு தமிழ்ப் பெண்ணிடம் குரோஷா கற்றதாகச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். இதற்குள் நம்பவும் தொடங்கியிருப்பார்.

இப்போது பங்குனி. செல்லாயி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறாள். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவாள், பின்வாசல் படியில்தான் உட்காருவாள். ராஜம் அதே படியில் முழங்காலோடு முழங்கால் ஒட்ட உட்கார்ந்து கொக்கி போடக் கற்கிறாள். "மிஸ், லுக்," என்கிறாள். ஒரு நாள் தகரக் குவளையிலிருந்தே தேநீரை உறிஞ்சினாள். சிவகாமி பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இதைக் கடிதத்தில் அண்ணனுக்கு எழுத வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் பொன்னியைச் சேர்த்த அன்று நானும் போயிருந்தேன், பெயர் எழுதும் காகிதத்தை நிரப்ப. தாயின் கை மகளுக்கு வந்திருக்கும் என்று மிஷன் அம்மாவுக்கு நிச்சயம். பொன்னியிடம் ஒரு கொக்கியையும் நூல் உருண்டையையும் கொடுத்து உட்கார வைத்தார். பிள்ளை அரை மணி நேரம் பாடுபட்டது. நூல், கொக்கி, பாவாடை நாடா மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டு, சுவரில் தொங்கிய தேசப்படத்தின் கீழே போய் நின்றுகொண்டது.

"கையை வளைக்கவே வரலையே. போகப் போக வரலாம்," என்று மிஷன் அம்மா வருத்தத்தோடு சொன்னார்.

செல்லாயி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"வராட்டிப் போகுதுங்கம்மா. அந்தக் கை கொழுந்து கிள்ளாம இருந்தாப் போதும். வேற எந்த வேலை வராட்டியும் எனக்குச் சம்மதம்."